எண்ணெய் முடியும் நேரம்

இத்தாலியில், பலெர்மோவில் நான் பார்த்த வேலைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் ஊருக்கு எழுதவில்லை. எழுதினால் நம்பமாட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடுவதற்குச் சற்று முன்பு போய், ஒரு கதிரையில் இருந்து, ஒரு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அது தானாக அணைந்ததும் வீட்டுக்குப் போகலாம். வேலை அவ்வளவுதான்.

அதைக் கொண்டுவந்தவர் நகரின் சீசாப் பகுதியில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்த மன்னார் அண்ணை. கோடையில் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுவார். மற்ற மாதங்களில் கால்சாப் பக்கத்தில் மாடிப்படிகள் துடைப்பார். அப்படித் துடைக்கும் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்த மூதாட்டி ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

"தம்பி, உமக்கெண்டே ஒரு வேலை வந்திருக்கு. நீர் பேப்பரிலை செய்த அதே வேலைதான். சும்மா இருந்து பாக்கிறது."

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் செய்தி திருத்தும் மேசையில் இருந்தவன். பலெர்மோவுக்கு வந்து மூன்று வருடமாகக் காலைகளில் இரண்டு வீடுகள் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் வேலை இல்லை. போய்ப் பார்த்தேன்.

மூதாட்டியை எல்லோரும் சின்யோரா, அதாவது அம்மணி, என்றே கூப்பிட்டார்கள்; அவருக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. உயரமான, மெலிந்த பெண். லிபியாவின் திரிப்போலியில் பிறந்த யூதர். அறுபதுகளின் கடைசியில் அங்கிருந்த யூதர்கள் வெளியேறவேண்டி வந்தபோது, கணவரோடும் பள்ளிக்கூடம் போகும் மகளோடும் இரண்டு பெட்டியோடு கப்பலேறியவர். கூட வந்தவர்கள் ரோமுக்கும் மிலானுக்கும் போனார்கள். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் இவர்கள் பலெர்மோவில் நின்றுவிட்டார்கள். திரிப்போலியிலும் இங்கேயுமாக நாற்பது வருடம் மருந்துக்கடையில் மருந்து அளந்தும் கலந்தும் கொடுத்தவர். கணவர் இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது. ஐந்நூறு வருடங்களுக்கு முன் யூதர்களைத் துரத்திய நகரம் இது. அவர் போய் வழிபட ஓர் இடம் கிடையாது. சேர்ந்து வழிபட ஆட்களும் இல்லை. அவருடைய மார்க்கம் முழுவதும் அந்த ஐந்தறை வீட்டுக்குள் இருந்தது.

வேலை எதற்காக என்பதை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். போன மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை, மேசையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். துவாயின் நுனி சுடரில் பட்டு மேசை விரிப்பு பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீரோடு வந்ததால் மேசையோடு போயிற்று. மிலானில் மருத்துவராக இருக்கும் ஒரே மகளுக்குச் செய்தி போனது. அங்கே யூதர்களுக்கான முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. அவர்களுடைய முறைப்படி சமையல், வழிபாட்டுக்கு ஆட்கள், தாதிகள். வருட முடிவுக்குள் பத்திரத்தில் கையெழுத்து வைத்தால் ஓர் அறை கிடைக்கும். தாய்க்கு மறதியும் வந்துவிட்டது என்பது மகளின் அடுத்த குற்றச்சாட்டு. கேட்டதையே திரும்பக் கேட்கிறார். குளிசை போட்டாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. மறதியையும் நெருப்பையும் ஒரே வீட்டில் விட்டுவைக்க முடியாது என்றார் மகள். பற்றரி விளக்கு ஒன்றை வாங்கி அனுப்பினார். சின்யோரா அதை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

பிறகு சின்யோராவே ஒரு வழி சொன்னார். விளக்கு எரியட்டும், பார்க்க ஓர் ஆளை வைக்கிறேன். மகள் டிசம்பரில் வந்து தன் கண்ணால் பார்த்து முடிவு சொல்வது என்று ஏற்பாடு.

"மிலானில் என்னை நன்றாகத்தான் பார்ப்பார்கள்," என்றார் என்னிடம். "அங்கே விளக்கை வேறு யாரோ ஏற்றுவார்கள். நான் ஒரு வரிசையில் இருந்து பார்ப்பேன்."

விளக்கு என்றால் ஒரு தடித்த கண்ணாடிக் குவளை. பாதிக்குத் தண்ணீர். அதன் மேல் ஒலிவ் எண்ணெய். எண்ணெயின் மேல் மிதக்கும் ஒரு தக்கை, தக்கைக்கு நடுவில் திரி. எண்ணெய் முடிந்ததும் திரி தண்ணீரைத் தொட்டுத் தானாக அணையும். எண்ணெயைப் போத்தலிலிருந்து நேரே ஊற்றமாட்டார். மருந்துக்கடைக் காலத்து அளவுக்குவளை ஒன்றில் கோடுவரை எடுத்து, குவளையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, பிறகு ஊற்றுவார். ஏற்றியதும் இரண்டு கைகளாலும் சுடரை மூன்று தரம் தன்னை நோக்கி அள்ளுவதுபோல் செய்து, முகத்தை மூடிக்கொண்டு சில சொற்கள் சொல்வார். கைகளை எடுக்கும்போது அவருடைய வாரம் முடிந்திருக்கும். அந்த நிமிடத்திலிருந்து சனிக்கிழமை வானத்தில் நட்சத்திரம் தெரியும்வரை ஷபாத் என்ற ஓய்வுநாள். நெருப்பை மூட்டவும் கூடாது, அணைக்கவும் கூடாது, தொடவும் கூடாது. மின்விளக்கின் ஆளியும் அப்படித்தான். நடைபாதையிலும் குளியலறையிலும் முன்கூட்டியே போட்ட விளக்குகள் மறுநாள்வரை எரியும். சாப்பாட்டறையில் அந்தக் குவளை மட்டும்தான் வெளிச்சம். கணவர் இருந்த காலத்திலும் அப்படித்தானாம்.

எனக்கு மூன்று கட்டளைகள். ஊதி அணைக்கக்கூடாது. இடத்தைவிட்டு அசைக்கக்கூடாது. ஏதாவது பற்றிக்கொண்டால் அப்போது சட்டம் கிடையாது. வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றவேண்டும். வாளி கதவுக்குப் பின்னால் இருந்தது.

செப்டெம்பர் கடைசியில் தொடங்கினேன். பத்திரிகைப் பழக்கம் விடவில்லை. சட்டைப் பையில் சிறிய குறிப்புப் புத்தகம் இருந்தது. ஏற்றிய நேரம், அணைந்த நேரம், எரிந்த நேரம் என்று மூன்று நிரல் போட்டு எழுதி வந்தேன். எழுதும்போது குசினிக்குள் போய்விடுவேன். அன்றைக்கு அவர் எழுதுவதில்லை என்பதால் அவருக்கு முன்னால் எழுத எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அந்த மூன்று மாதத்தில் அவர் தன் மார்க்கத்தின் ஒரு வருடப் பண்டிகைகளில் பாதியை எனக்குக் காட்டினார். இலையுதிர் காலத்துப் பண்டிகை ஒன்றுக்காக மொட்டை மாடியில் பந்தல் போட்டோம். நான்கு கம்புகள், மேலே பனைவகை ஓலைகள். நட்சத்திரம் தெரியுமளவுக்கு இடைவெளி விட்டு ஓலை போடவேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த கூரை எல்லாம் ஒழுகாமல் இருப்பதற்காகப் போடுவது. இது வானம் ஒழுகுவதற்காகப் போடும் கூரை. ஏழு நாட்கள் தன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார். கீழ்வீட்டுக்காரர் ஒருவர், இலங்கையர்கள் மேலே ஓர் அறை கட்டுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு ஏறி வந்து பார்த்தார். ஓலைக்குக் கீழே சின்யோரா தனியாக இருந்து கரண்டியால் சூப் குடிப்பதைக் கண்டு, நல்ல பசி உண்டாகட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சனிக்கிழமைகளிலும் மதியத்துக்கு வரச் சொன்னார். வெள்ளிக்கிழமையே சூட்டுத் தட்டில் வைத்த சாப்பாட்டை எடுத்து வைக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அதை அவரே எடுத்து வைத்தார். என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். துடைப்பத்தைத் தேடினேன். இன்று வீட்டில் இருக்கிற வேலையாளுக்கும் ஓய்வு, அது தன்னுடைய தாராள மனமல்ல, சட்டம் என்றார். சாப்பிட்டோம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை ஒரு முக்காலியில் போட்டுக்கொண்டார். சூரியகாந்தி விதை கொறித்தார். தொலைபேசி அடித்தது, அது அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரையிலேயே தூங்கிப்போனார். யன்னலுக்கு வெளியே பலெர்மோ முழுவதும் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. மூன்று வருடத்தில் நான் பகல் வெளிச்சத்தில் சும்மா இருந்த முதல் நாள் அது. ஒரு நாளை இப்படிச் சுவர் எழுப்பி வைத்திருக்க முடியும் என்பதை நான் அதற்கு முன் அறிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மன்னார் அண்ணை நம்பவில்லை.

"ஓய்வெடுக்கச் சம்பளமோ? நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போறம், ஒருத்தனும் ஒண்டும் தாறேல்லை. கேட்டுப் பாரும், அங்கை இன்னொரு கதிரை இருக்கோ எண்டு."

எல்லாம் சரியாகப் போனது. ஒன்றைத் தவிர.

எங்கள் வீடுகளில் விளக்கை எண்ணெய் வற்றி அணைய விடுவதில்லை. நேரம் முடிந்தால் திரியை எண்ணெய்க்குள் இழுத்தோ, பூவை வைத்தோ குளிரவைப்போம். அல்லது எண்ணெய் விடுவோம். தானாக வற்றி அணைகிற விளக்கு அந்த வீட்டுக்கு, அதுவும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு, கூடாது. அதுவும் வெள்ளிக்கிழமை. நான் பெரிய பக்தன் அல்ல. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் எண்ணெய் நகக்கனத்துக்கு வந்ததும் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். புகை மணம் வந்த பிறகு திரும்பி வந்து நேரத்தைக் குறிப்பேன். பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகளில் ஒன்றில்கூட அந்தச் சுடரின் கடைசி நொடியை நான் பார்க்கவில்லை. காவலுக்கு வைத்தவன் கடைசி நிமிடத்தில் கண்ணைத் திருப்புகிறான் என்பது சின்யோராவுக்குத் தெரியுமென்றும் நான் நினைக்கவில்லை.

டிசம்பரில் மகள் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கட்டையாக வெட்டிய தலைமயிர், வேகமான பேச்சு. சட்டதிட்டங்கள் எதையும் அவர் கைக்கொள்வதில்லை. தாய்க்கு முன்னால் சிகரெட் பற்றவைக்காமல் மாடத்துக்குப் போய்ப் பற்றவைப்பார், அவ்வளவுதான். மருத்துவர் என்பதால் நான் அவரைத் தொத்தொரேசா என்றேன்; என்னோடு மரியாதையாகக் கைகுலுக்கினார். வாளியைப் போய்ப் பார்த்தார். அதில் தண்ணீர் இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு நீல உறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அன்று எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் ஆறாவது மாலை. யன்னல் ஓரத்தில் பித்தளையில் எட்டுச் சிறு கிண்ணங்கள் கொண்ட ஒரு விளக்கு. சின்யோரா முதலில் அதில் ஆறு சுடர்களை ஏற்றினார். பிறகு மேசைக் குவளையை ஏற்றினார். என் மணிக்கூட்டில் நான்கு இருபத்தொன்பது. மகள் ஏதோ சஞ்சிகையோடு யன்னல் பக்கம் சாய்ந்தபோது, தாய் விரலால் மேசையைத் தட்டினார். அந்த ஆறு சுடர்களையும் பார்க்கலாம். ஆனால் அவற்றின் வெளிச்சத்தில் எதுவும் செய்யக்கூடாது, வாசிக்கக்கூடாது, ஊசியில் நூல்கூடக் கோர்க்கக்கூடாது. மகள் சஞ்சிகையை மூடிக்கொண்டு மேசைக்கு வந்தார். நான் என் கதிரையிலிருந்து அந்த ஆறையும் பார்த்தேன். பயன்படுத்தக்கூடாத வெளிச்சம் என்ற ஒன்றை அன்றைக்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. பார்க்கப் பார்க்க அது வேறு விதமாகத் தெரிந்தது.

ஆறு மணியளவில் அவை ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று, இன்னொன்று, பிறகு இரண்டு சேர்ந்து, கடைசியில் மற்ற இரண்டும். எழுந்து போக முடியவில்லை. மகள் என்னைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். அவருக்காகவே வந்த காவல்காரன் கதிரையைவிட்டு எழுவதா? ஆறும் என் கண் முன்னால் வற்றி அணைந்தன.

அவர்கள் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. சிவப்பாக, உறைப்பாக, பூண்டு தூக்கலாகச் சமைத்த மீன். சாப்பாட்டுக்கு நடுவில் சின்யோரா, மிலானில் குளிரா என்று கேட்டார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டார். மகள் இரண்டாவது தரமும் பதில் சொன்னார், ஆனால் சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். விளங்கிவிட்டது. பத்திரத்தில் கையெழுத்து விழப்போகிறது.

எட்டு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது குவளையில் எண்ணெய் நகக்கனத்தைவிடச் சற்றுக் கூட இருந்தது. இன்னும் அரை மணி நேரம். இந்த வீட்டில் அவர் ஏற்றும் கடைசி விளக்குகளில் ஒன்றாக இது இருக்கலாம். அது என் கண் முன்னால், எண்ணெய் இல்லாமல், வெள்ளிக்கிழமையில் அணையப்போகிறது. நான் இதையெல்லாம் யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். எண்ணெய்ப் போத்தல் பக்கத்து அலுமாரியில் இருந்தது. எழுந்தேன். திறந்தேன். ஊற்றினேன். சுடர் ஒரு தரம் குனிந்து, பிறகு நிமிர்ந்து நின்றது. போத்தலை மூடியபோதுதான் இரண்டு பேரும் கதையை நிறுத்திவிட்டது காதில் பட்டது.

ஊற்றக்கூடாது என்பது நான்காவது கட்டளையாக இருந்திருக்கவேண்டும். அதைச் சொல்ல சின்யோராவுக்குத் தோன்றவில்லை. அவருடைய எழுபத்தொன்பது வருடத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

அவர் சத்தம் போடவில்லை. குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதை யாருக்காக ஊற்றினீர்கள்?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. மகளுக்கு உடனே விளங்கியது. தனக்கு ஒரு காலத்தில் பாடமாக இருந்த ஒன்று திரும்பி வந்ததுபோல அவசரமாகச் சொன்னார்: யூதர் அல்லாத ஒருவர் தனக்காக விளக்கைத் தூண்டினால் அந்த வெளிச்சத்தில் தாய் இருக்கலாம். தாய்க்காகத் தூண்டினால் இருக்கக்கூடாது. சொல்லிவிட்டு எனக்குப் பதிலையும் எடுத்துத் தந்தார்.

"அவர் தனக்காகத்தான் ஊற்றினார், மம்மா. மனிதர் நான்கு மணி நேரமாக இருக்கிறார். அவருக்கும் வெளிச்சம் வேண்டாமா?"

"நான் அவரைக் கேட்டேன்."

மகள் தாயின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஓம் என்று சொல், விட்டுவிடலாம் என்பதுதான் அந்த ஆட்டலின் பொருள். அவர் கெட்ட நோக்கத்தோடு சொல்லவில்லை. தாய் தன் சாப்பாட்டு மேசையில் இருந்து எழும்பவேண்டி வரக்கூடாது என்று நினைத்தார். எனக்கும் அதுதான் விருப்பம். ஒரு சொல்லில் காரியம் முடிந்துவிடும். ஆனால் சின்யோராவின் கண்களுக்கு முன்னால் ஒரு பொய்த் தகவலைக் கொடுக்க எனக்கு வரவில்லை. அவர் என் நன்மைக்காகவோ தன் நன்மைக்காகவோ கேட்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார்.

"உங்களுக்காக, சின்யோரா," என்றேன். எங்கள் பக்கத்தில் விளக்கை வற்ற விடுவதில்லை என்பதையும், வற்றினால் வீட்டுக்காரிக்குக் கூடாது என்பதையும் என்னுடைய அரைகுறை இத்தாலியனில் சொன்னேன்.

மகள் கையைத் தலையில் வைத்தார். சின்யோரா குவளைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார், தொடாமல்.

"எவ்வளவு?"

இரண்டு விரல்களுக்கு நடுவில் நெல்லளவு இடைவெளி காட்டினேன்.

"நான் ஊற்றிய எண்ணெய் இன்னும் முடியவில்லை. அது முடிகிற நேரம்வரை இது என் வெளிச்சம். அதற்குப் பிறகு உங்களுடையது." மகளின் பக்கம் திரும்பினார். "பிஸ்தாவை எடு."

அதற்குப் பிந்திய அரை மணி நேரத்தைப்போல் இளகிய ஒரு நேரத்தை நான் அந்த வீட்டில் பார்த்ததில்லை. நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோது உடைத்தார்கள். திரிப்போலியில் ஒரு மாமா ஷபாத்தன்று கடற்கரையில் தூங்கிப்போய் அலை அவருடைய சப்பாத்துகளைக் கொண்டுபோன கதையை சின்யோரா சொன்னார். மகள், அந்தக் கதையில் முன்பு தொப்பிதானே போனது என்றார். தொப்பி அடுத்த வருடம் போனது என்றார் தாய். சுவர் மணிக்கூடு அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. கையில் மணிக்கூடு கட்டுவதில்லை. நான் கதிரையில் அசையாமல் இருந்தேன்.

கதையின் நடுவில் நிறுத்தினார். தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டார். மேசையைப் பிடித்து எழுந்தார்.

"சின்யோரே, வெளிச்சம் உங்களுடையது. ஷபாத் ஷலோம்."

விருந்தினர் அறைக்குள் போனார். அங்கே விளக்கில்லை. யன்னல் அடைப்பின் வழியாகத் தெருவிளக்கின் கோடுகள் மட்டும் விழுந்தன. அவருடைய கை சுவரைத் தடவிக்கொண்டு போவதும், பிறகு சோபா கிறீச்சிடுவதும் கேட்டது. சொந்த வீட்டில், சொந்த மேசையில், தன் கைபட ஏற்றிய விளக்கு முன்பைவிடப் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. பார்க்க இரண்டே பேர்தான் இருந்தோம், அதில் ஒருத்திக்கு நம்பிக்கை இல்லை, மற்றவன் வேறு சமயம். அவர் எழுந்து இருட்டுக்குள் போய்விட்டார். நான் கோயில் திருவிழாக்கள் பார்த்திருக்கிறேன், தேர் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் அந்த நிமிடத்தில் எனக்கு வந்த மாதிரி மயிர்க்கூச்சம் முன்பு எங்கும் வரவில்லை.

மகள் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மெதுவாகக் கேட்டார், ஏன் இப்போது எழும்பினார் என்று.

என் மணிக்கூட்டைப் பார்த்தேன். எட்டு இருபத்தொன்று. குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். மூன்றாவது நிரலை விரலால் காட்டினேன். போன வாரம் மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். அதற்கு முந்திய வாரம் மூன்று மணி ஐம்பது. அதற்கு முந்தியது மூன்று ஐம்பத்துமூன்று. இன்று ஏற்றியது நான்கு இருபத்தொன்பது. மகள் உதடு அசையக் கூட்டிப் பார்த்தார். விடை மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.

"அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை," என்றார்.

"இல்லை, தொத்தொரேசா."

"நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்கவில்லை."

புத்தகத்தின் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். செப்டெம்பரிலிருந்து பன்னிரண்டு வரிகளையும் ஒரு நோயாளியின் அறிக்கையை வாசிப்பதுபோல் வாசித்தார். பிறகு பிஸ்தாக் கோப்பையை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போனார். போகிற வழியில் ஏதோவொன்றில் காலை இடித்துக்கொண்டு பலெர்மோ வசைச்சொல் ஒன்றைச் சொன்னார். உள்ளேயிருந்து தாய் சிரித்தார்.

நான் தனியாக இருந்தேன். சட்டப்படி அந்த வெளிச்சம் முழுவதும் என்னுடையது. அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. குறிப்புப் புத்தகத்தைத் திறக்கவில்லை. மறு அறையில் அவர்கள் இப்போது இத்தாலியனில் கதைக்கவில்லை. திரிப்போலி அரபில் கதைத்தார்கள். மகளின் குரல் அதில் மெதுவாக, சொல் தேடித் தேடி வந்தது. நீண்ட நேரம் கதைத்தார்கள். அந்த விளக்கு ஒன்பது முப்பத்தெட்டுக்கு அணைந்தது. அப்போதும் கடைசியில் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். சீசாவுக்குப் போகிற பஸ் போய்விட்டது. நடந்து வந்தேன்.

மன்னார் அண்ணைக்கு நடந்ததைச் சொன்னபோது முதலில் சிரித்தார்.

"அப்ப துரை வெளிச்சத்திலை, துரைசானி இருட்டிலை. நல்ல வேலைக்காரன்தான்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உண்மையா எழும்பிப் போனவவோ?"

"ஓம் அண்ணை."

"ஒருத்தரும் சொல்லாமல்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் பிறகு அன்றைக்கு ஒன்றும் பகிடி சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளின் பெட்டியைக் கீழே இறக்கிவைக்கப் போனேன். டாக்சிக்குக் காத்து நிற்கும்போது நீல உறையைக் கைப்பையின் அடிக்குத் தள்ளினார். உள்ளே பத்திரம் கையெழுத்தில்லாமலேயே இருந்தது என்று எப்படித் தெரியுமென்றால், தாய்க்கு முன்னால் அவரே சொன்னார்: இந்த வருடம் இதில் கையெழுத்து வேண்டாம். அம்மா கேட்டதையே திரும்பக் கேட்பார், அது உண்மை; குளிசைக்கு நாட்பெயர் எழுதிய பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். என்னிடம் ஒரு வேலை கூடுதலாகத் தந்தார். சனிக்கிழமை நட்சத்திரம் தெரிந்த பிறகு மிலானுக்குத் தொலைபேசி எடுத்து, முதல் நாள் விளக்கு எரிந்த நேரத்தைச் சொல்லவேண்டும். பிறகு நான்கு வருடம், நான் அந்த வேலையில் இருந்தவரை, அப்படிச் சொன்னேன். சின்யோரா அந்த வீட்டில்தான் இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் அளவுக்குவளையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, என் பக்கம் திரும்பிக் காட்டி, பிறகு ஊற்றினார். போத்தலைக் குசினியில் கொண்டுபோய் வைத்தார். கோபமில்லை. என் கைக்கு எட்டாமல் வைத்தால் எனக்கு உதவி என்றார்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மேசைக்கு ஒரு பக்கத்தில் அவர், மறுபக்கத்தில் நான். எண்ணெய் நகக்கனத்துக்கு வந்தது. பிறகு தண்ணீரின் மேல் ஒரு மினுக்கமாக மட்டும் நின்றது. நான் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். சுடர் பொரிந்தது. சிறுத்து, அடியில் நீலமாகி, திரியிலிருந்து விலகி ஒரு கணம் தனியாக நின்றது. பிறகு ஒரு நூல் புகை. அவ்வளவுதான். யாருக்கும் எந்தக் கேடும் வரவில்லை. நான் பயந்ததைப்போல அது சாவு மாதிரி இல்லை. அளந்து கொடுத்ததை முழுதாகச் செலவழித்துவிட்டு ஒன்று எழுந்து போனதுபோல இருந்தது.

இருட்டில் அவருடைய குரல் வந்தது.

"எட்டு இருபதா?"

நான் மணிக்கூட்டை நடைபாதை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"எட்டு இருபத்தொன்று, சின்யோரா."

"உங்கள் மணிக்கூடு ஒரு நிமிடம் முந்தி ஓடுகிறது. எனக்கு அக்டோபரிலேயே தெரியும்."

மறுநாள் காலை மத்திய ரயில் நிலையத்துக்குப் போய் அங்கிருந்த பெரிய மணிக்கூட்டோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் முந்தித்தான் ஓடியது.